ஃபாசில் சாயின் இஸ்தான்புல் சிம்ஃபொனி: ஆர்கெஸ்ட்ராவுக்குள் மகாம் எங்கே உட்காருகிறது?

#1 கட்டைவிரல்

ஃபாசில் சாய் பற்றி இங்கே தனி இழை காணவில்லை, அதனால் தொடங்குகிறேன். தெரியாதவர்களுக்கு: 1970 இல் அங்காராவில் பிறந்த பியானோ கலைஞர், இசையமைப்பாளர். அங்காரா அரசு கன்சர்வேட்டரியில் படித்து, டுசல்டார்ஃபில் தொடர்ந்தவர். முதல் சிம்ஃபொனி 'இஸ்தான்புல்', ஒப்பஸ் 28. 2010 மார்ச்சில் டார்ட்முண்ட் கோன்ட்செர்ட்ஹவுஸில் அரங்கேறியது. ஏழு பகுதிகள், முக்கால் மணி நேரம். மேற்கத்திய முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நெய் (நாணல் குழல்), கானூன் (மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்), துருக்கித் தாளக் கருவிகள் மூன்றும் தனி வாத்தியங்களாக வருகின்றன.

என் கேள்விகள்:

1) நெய்யும் கானூனும் மகாம் (துருக்கி இசையின் ராகமுறை) சுருதியில், ஆர்கெஸ்ட்ரா பியானோ போல் ஸ்தாயியைச் சமமாகப் பிரித்த பன்னிரண்டு சுரத்தில். இரண்டும் ஒரே மேடையில் உரசாமல் எப்படிப் போகின்றன?

2) சாயின் 'கரா தோப்ராக்' (கறுப்பு மண்) பியானோ உருப்படியில் தந்தியைக் கையால் அமுக்கி வாசிக்கும் இடத்தைச் சரியாகச் செய்வது எப்படி?

3) பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட தந்திக் குழுவுக்கு நெய், கானூன் சேர்த்துப் பத்து நிமிட உருப்படி ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. சாயிடமிருந்து எதை எடுக்கலாம், எதை விடணும்?

#2 ஐம்பத்துமூணு

முதல் கேள்விக்கு எண்ணிலிருந்தே வருவோம்.

துருக்கியப் பாடமுறையில் (அரெல், எஸ்கி, உஸ்திலெக் மூவர் வகுத்தது) ஒரு ஸ்தாயி 53 கோமா (சம அளவுச் சிறு படி). ஒரு கோமா சுமார் 22.6 சென்ட் (பியானோவின் அரைச்சுரம் 100 சென்ட்). முழுச்சுரம் 9 கோமா. அதற்குள் 4, 5, 8 கோமா இடைவெளிகள், கூடுதலாக 12 கோமா என்று ஒன்று. இவற்றைச் சேர்த்து நாலு சுரம், ஐந்து சுரம் என்று கட்டுவதுதான் மகாமின் செங்கல்.

ஹிஜாஸ் நாற்சுரம்: 5 + 12 + 5. ஏ, பி ஃப்ளாட், சி ஷார்ப், டி. நம்மூர்க் காதுக்கு மாயாமாளவகௌளையின் பூர்வாங்கம். பியானோவில் அது 100, 300, 100 சென்ட். மகாமில் 113, 272, 113. நடு இடைவெளி பியானோவில் 28 சென்ட் கூடுதல் அகலம். சினிமாவில் 'அரபு நாடு' காட்ட வரும் அந்த மலிவான வாசனை பெரும்பாலும் இந்த 28 சென்ட்டில்தான் இருக்கிறது. வயலின் வாசிப்பவர் பி ஃப்ளாட்டை 13 சென்ட் ஏற்றி, சி ஷார்ப்பை 15 சென்ட் இறக்கினால் போதும், வாசனை மாறிவிடும்.

ராஸ்ட்: 9 + 8 + 5. இதன் மூன்றாம் சுரம் ஆதாரத்திலிருந்து 17 கோமா, அதாவது 385 சென்ட். பியானோவில் 400.

உஷ்ஷாக்: 8 + 5 + 9 என்று ஏட்டில் இருக்கும். வாசிப்பில் இரண்டாம் சுரம் இன்னும் ஒன்றிரண்டு கோமா கீழே இறங்கும், குறிப்பாக அவரோகணத்தில். இதைப் பியானோவில் வாசிக்கவே முடியாது. பி வைத்தாலும் தப்பு, பி ஃப்ளாட் வைத்தாலும் தப்பு.

ஆக, எந்த மகாமைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே பாதிப் பிரச்சினை தீரும், அல்லது தொடங்கும். ஹிஜாஸ், கூர்தி, நிஹாவெந்த் மாதிரியானவை சமச்சுருதி ஆர்கெஸ்ட்ராவோடு அனுசரித்துப் போகும். உஷ்ஷாக், செகாஹ், ஹுசேனி போகாது.

#3 பின்வரிசை_வயலின்

ஐம்பத்துமூணு சார் சொன்ன கணக்கு சரி. ஆனால் சாயின் சிம்ஃபொனியை 'மகாமும் மேற்கும் கலந்தது' என்று புகழ்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. வயலின் வரிசைகள் வாசிப்பது பச்சையாகப் பன்னிரண்டு சுரம்தான். மகாம் இருப்பது நெய் கலைஞரின் உதட்டிலும் கானூன் கலைஞரின் இடது கையிலும். அரங்கேற்றத்தில் வாசித்த புர்ஜு கரதாக், ஹகான் குங்கோர் இருவரும் மரபில் ஊறியவர்கள். அவர்கள் இடத்தில் புல்லாங்குழலும் ஹார்ப்பும் வைத்துப் பாருங்கள், துருக்கியில் எது மிஞ்சும்? தாளம் மிஞ்சும், தலைப்புகள் மிஞ்சும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கலவை எந்த இடத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தான் மூன்றாம் கேள்விக்கு விடை வரும்.

#4 நாணல்

பின்வரிசை சொல்வதில் பாதி உண்மை. அந்தச் சிம்ஃபொனியில் நெய் பாடுகிற இடங்களைக் கவனியுங்கள். கீழே பெரும்பாலும் நீண்ட ஒற்றைச் சுரம், காலிப் பஞ்சமம், அல்லது தாளம் மட்டும். முழு ஆர்கெஸ்ட்ரா எழும்போது நெய் ஒதுங்கிவிடும். உரசல் வரக்கூடிய இடத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்கவில்லை. அது சோம்பல் அல்ல, கைத்தேர்ச்சி.

நெய் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடங்கள்:

ஒன்பது கணு கொண்ட நாணல், முன்னால் ஆறு துளை, பின்னால் ஒன்று, வாயில் 'பாஷ்பாரே' என்ற வளையம். விசை கிடையாது. அரைச்சுரங்கள் பாதித் துளையாலும் தலையைச் சாய்ப்பதாலும் வருபவை. வேகமான பன்னிரண்டு சுர ஓட்டம் எழுதினால் சேறு மாதிரி கேட்கும்.

ஒவ்வொரு நெய்யும் ஒரு சுருதிக்குத்தான். மன்சூர் நெய் ஏறத்தாழ 80 செ.மீ. அதில் எழுதிய ஏ, ஏ ஆகவே ஒலிக்கும். கிஸ் நெய் ஒரு முழுச்சுரம் மேலே. உருப்படி நடுவில் ஆதார சுருதி மாறினால் கலைஞர் குழல் மாற்ற நேரம் வேண்டும். நாலு ஐந்து மாத்திரை ஓய்வு போதாது. பத்து நொடியாவது விடுங்கள்.

கீழ் ஸ்தாயி மூச்சும் சுரமுமாகக் கலந்து வரும், மிக மெல்லியது. பத்து வயலின் சாதாரணமாக வாசித்தாலே அமிழ்ந்துவிடும். மியூட் (ஒலி குறைக்கும் கவ்வி) போடச் சொல்லுங்கள், அல்லது மேசைக்கு (இருவர் பகிரும் நோட்டுத் தாங்கி) ஒருவர் என்று குறையுங்கள். மைக் வைப்பதென்றால் துளைகளுக்கு நேராக அல்ல, வாய்க்குச் சற்று மேலே, பக்கவாட்டில். நேரே வைத்தால் காற்றுச் சத்தம்தான் பதிவாகும்.

அடுத்தது ஆர்கெஸ்ட்ரா சுருதி. ஜெர்மன் குழுக்கள் பல ஏ = 443 வைக்கின்றன. 440க்கும் 443க்கும் இடையே 12 சென்ட், அரைக் கோமாவுக்கு மேல். கானூனைக் கூட்டிவிடலாம். நெய்யின் நீளம் மாறாது. பாஷ்பாரேயைச் சற்று நகர்த்தி, தலைச் சாய்வால் மீதியைச் சமாளிக்க வேண்டும், கழுத்து வலிக்கும். அழைப்புக் கடிதத்திலேயே சுருதியை எழுதிவிட்டால் அதற்கேற்ற குழல் கொண்டு வருவார்கள்.

மேடை சூடானால் காற்று வாத்தியம் ஏறும், டிகிரிக்கு 3 சென்ட் அளவில். தந்திகள் இறங்கும். ஒத்திகை குளிர் அறையில், கச்சேரி விளக்கின் கீழே என்றால் ஒத்திகையில் சரியாக இருந்தது அன்று சரியாக இருக்காது.

#5 ஐம்பத்துமூணு

நாணல் குறிப்பிட்ட 'எழுதிய ஏ' விஷயம் பெரிய கண்ணி. மரபுத் துருக்கி இசையில் வழக்கமான அடிப்படை 'போலாஹெங்க்'. அதில் தாளில் டி என்று எழுதியது காதில் ஏ 440 ஆக ஒலிக்கும், அதாவது எழுதியதை விட ஒரு நாலாம் சுரம் கீழே. மரபுக் கலைஞர் இஸ்தான்புல்லில் அப்படிப் படித்துப் பழகியவர். உங்கள் பார்ட்டை (அவருக்கான நோட்டுத் தாளை) அவர் அப்படியே எடுத்துக்கொண்டால் முதல் ஒத்திகை நாசம். பார்ட்டின் தலையிலேயே 'எழுதியதே ஒலிக்கும்' என்று போடுங்கள்.

இதை விட மோசமான கண்ணி குறியீடு. திருப்பிப் போட்ட ஃப்ளாட் குறி மேற்கத்திய சமகால இசையில் கால் சுரம் இறக்கம், 50 சென்ட். துருக்கி ஏட்டில் அதே குறி ஒரே ஒரு கோமா இறக்கம், 23 சென்ட். ஒரே தாளை வயலினும் கானூனும் பார்த்து வாசித்தால் ஒரே சுரம் இரண்டாகக் கேட்கும். கூடவே இதையும் நினைவில் வையுங்கள்: துருக்கி ஏட்டில் சாதாரண ஷார்ப் 4 கோமா, சாதாரண ஃப்ளாட் 5 கோமா. இரண்டும் சம அளவு அல்ல.

நாட்டுப்புறப் பாட்டு ஏடுகளில் எளிய வழி ஒன்று இருக்கிறது: ஃப்ளாட் குறிக்கு மேல் 2 அல்லது 3 என்று எண். அத்தனை கோமா இறக்கு என்று பொருள். கலப்புக் குழுவுக்கு இதுதான் உத்தமம். யாருக்கும் குழப்பம் வராது.

#6 கட்டைவிரல்

அருமை, எல்லாம் குறித்துக்கொண்டேன். கானூன் ராஸ்ட் வாசிக்கும்போது கீழே ஜி மேஜர் கோர்டு வைத்தால் என்ன ஆகும்? 15 சென்ட்தானே வித்தியாசம்?

#7 சுருதிப்பெட்டி

15 சென்ட் 'தானே' இல்லை. ஜி 392 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சமச்சுருதி பி ஏறத்தாழ 493.9. ராஸ்ட்டின் பி 489.6. இரண்டும் சேர்ந்து நின்றால் நொடிக்கு நாலு துடிப்பு (ஒலி ஏறி இறங்கும் அதிர்வு). வேகமான ஓட்டத்தில் தெரியாது. நீண்ட சுரத்தில் பல் கூசும். சுவையான விஷயம், 385 சென்ட் என்பது இயற்கையான தூய மூன்றாம் சுரத்துக்கு (386) ஒட்டி உட்காருவது. பிசிறு பியானோ பக்கம்தான். வயலின்கள் காதைத் திறந்து வாசித்தால் தாமாகவே கானூனிடம் போய்விடும். பியானோவோ அக்கார்டியனோ இருந்தால் போகாது.

எளிய வழி: கோர்டில் மூன்றாம் சுரத்தை எழுதாதீர்கள். ஜி, டி மட்டும். பி யாருக்குச் சொந்தம் என்றால் கானூனுக்கு.

துருக்கிக்காரர்கள் இதற்குக் கொள்கையே வகுத்தார்கள். கெமால் இலெரிஜி மூன்றாம் சுர அடுக்குக்குப் பதில் நாலாம் சுர அடுக்கில் ஒத்திசை கட்டும் முறையை மகாமிலிருந்து உருவாக்கினார். ஏ, டி, ஜி என்று அடுக்கினால் உங்கள் மகாமின் நிற்கும் சுரங்களையே பிடித்துக்கொண்டு போகலாம். அசையும் சுரங்களை மெலடிக்கு விட்டுவிடலாம். பாலாமா (நீண்ட கழுத்துள்ள துருக்கித் தந்தி வாத்தியம்) ஏ-டி-ஜி என்று சுருதி கூட்டும் முறையிலும் இதே அடுக்கு இருக்கிறது.

#8 மேசைவிளக்கு

'கரா தோப்ராக்' பற்றி. 1997, ஒப்பஸ் 8. பார்வையற்ற பாடகர் ஆஷிக் வெய்சலின் (1894–1973) இதே பெயர் கொண்ட பாட்டிலிருந்து புறப்பட்டது. வெய்சலின் கையில் இருந்தது சாஸ் (பாலாமா வகைத் தந்தி வாத்தியம்). சாய் செய்வது: வலது கை கட்டையில், இடது கை பியானோவின் வயிற்றுக்குள் தந்தியை அமுக்கி. தொடக்கமும் முடிவும் அப்படி. நடுவில் ரொமான்டிக், ஜாஸ் எல்லாம் வந்து போகும்.

செய்முறை:

கிராண்ட் பியானோ மட்டும். நிமிர்ந்த பியானோவில் தந்திக்குக் கை எட்டாது. நோட்டு வைக்கும் பலகையை முழுதாக எடுத்துவிடுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் முழங்கை இடிக்கும். தொடக்கப் பக்கங்கள் மனப்பாடமாக இருக்கணும்.

முதலில் இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் எங்கே என்று பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும். ஒரு பியானோவில் தாராளமாக நகரும் கை அடுத்த பியானோவில் கம்பியில் முட்டும். கச்சேரிப் பியானோவில் குறைந்தது அரை மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அமுக்கும் இடம்தான் உயிர். சுருதி முளைகளின் பக்கம், தந்தி தொடங்கும் முனைக்கு ஓரிரு செ.மீ. அருகே, விரலின் சதைப் பகுதியால். அங்கே சுருதி தெளிவாக இருக்கும், நீட்சி மட்டும் செத்துப்போகும். அதுதான் சாஸின் மரத் தட்டல் போல வருவது. உள்ளே தள்ளிப் போனால் தந்தி நீளத்தின் கால், மூன்றில் ஒன்று போன்ற புள்ளிகளில் விரல் பட்டு, கேட்காத ஹார்மோனிக் விசிலடிக்கும். விசில் வந்தால் கை உள்ளே போய்விட்டது என்று அறிக. சுருதியே இல்லாமல் வெறும் 'டக்' வந்தால் அழுத்தம் அதிகம்.

நடு, மேல் பகுதியில் ஒரு சுரத்துக்கு மூன்று தந்தி. இரண்டை மட்டும் அமுக்கி ஒன்றை விட்டால் அது தனியாக ரீங்கரிக்கும். விரலைக் குறுக்காகப் படுக்க வையுங்கள்.

பெடல்: வலது பெடல் பாதி இறங்கியிருந்தால் அமுக்காத தந்திகள் சுற்றிலும் மெல்ல முழங்கும். அந்த முழக்கம் இல்லாவிட்டால் உருப்படி வறண்டுபோகும்.

கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். பாஸ் தந்திகளின் செம்புச் சுற்றில் வியர்வை பட்டால் கறுக்கும், நாளடைவில் ஒலி மங்கும். வாசித்து முடித்து உலர் துணியால் துடையுங்கள். அடையாளத்துக்குத் தந்தியில் சாக்பீஸ் பூசாதீர்கள். டாம்ப்பர் (தந்தியை அடக்கும் கட்டை) தலையில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் ஆபத்து, உரிக்கும்போது டாம்ப்பர் திரும்பிவிடும். இரும்புச் சட்டத்தில் எளிதில் உரியும் தாள் டேப். அதற்கும் டியூனரிடம் ஒரு வார்த்தை.

#9 பின்வரிசை_வயலின்

மேசைவிளக்கு, ஒரே ஒரு ஆட்சேபம். சாஸில் கட்டுகள் (ஃப்ரெட்) நகர்த்தக்கூடியவை, கோமா வித்தியாசம் அங்கே உண்டு. பியானோவை எவ்வளவு அமுக்கினாலும் சுரம் பன்னிரண்டில் ஒன்றுதான். நாத வண்ணம் சாஸ், சுருதி இன்னும் பியானோ.

#10 மேசைவிளக்கு

உண்மை. ஆனால் அந்த உருப்படி எடுத்துக்கொண்டது வண்ணத்தையும் தாளக்கட்டு இல்லாத பேச்சு நடையையும். கோமாவை அது கேட்கவே இல்லை. கோமா வேண்டுமென்றால் 2008 இல் லுசெர்னில் அரங்கேறிய வயலின் கன்செர்ட்டோவுக்குப் போங்கள் (ஒப்பஸ் 25, ஆயிரத்தோரு இரவுகள் பற்றியது). பட்ரீசியா கொபாச்சின்ஸ்கயா வாசித்தது. நாலு பகுதியும் நிற்காமல் ஓடும். குதும், பெந்திர், தர்புகா என்ற துருக்கித் தாளக் கருவிகள் பின்னால். வயலினுக்குக் கட்டு கிடையாது என்பதால் அங்கே சறுக்கலும் இடைச்சுரமும் தடையில்லாமல் வருகின்றன. உங்கள் 'பச்சையாகப் பன்னிரண்டு சுரம்' குற்றச்சாட்டு அங்கே நிற்காது.

#11 பின்வரிசை_வயலின்

தனி வயலினுக்கு நிற்காது. பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு நிற்கும் 🙂

#12 தட்டுச்சுழி

தாளத்தை எல்லோரும் ஒரு வரியில் கடக்கிறீர்கள். மேற்கத்தியக் குழு அதிகம் தடுமாறுவது கோமாவில் அல்ல, அக்சாக்கில் (நீளம் சமமில்லாத அடிகள் கொண்ட தாளம்).

9/8 என்று தாளில் பார்த்ததும் கை தானாக 3+3+3 போடும். துருக்கி அக்சாக் 2+2+2+3. நடத்துநர் நாலு அடி காட்ட வேண்டும், கடைசி அடி நீளம். மூன்று அடி காட்டினால் குழு முழுதும் வால்ட்ஸ் ஆடும். 10/8 ஜுர்ஜுனா 3+2+2+3. தேவ்ரி ஹிந்தி என்ற ஏழு, 3+2+2. மிஸ்ர சாபு தட்டுகிறவருக்கு அது முதல் நாளே வந்துவிடும்.

என்ன தப்பு நடக்கிறது? நீண்ட அடியை மூன்று சம எட்டாக (எட்டாம் பங்கு நோட்டு) எண்ணாமல், கால் நோட்டுக்கு ஒரு புள்ளி சேர்த்த 'தோராயம்' ஆக்குகிறார்கள். வேகம் கூடக் கூட 3 சுருங்கி 2.5 ஆகும். மருந்து: ஒத்திகையில் ஒருவர் எட்டுகளை மட்டும் தட்டிக்கொண்டே இருக்கணும், ஒலி வராமல் முழங்காலில். பார்ட்டில் எட்டுகளை 2+2+2+3 ஆகவே பீம் (நோட்டுகளை இணைக்கும் கோடு) கட்டி எழுதுங்கள். கணினி மென்பொருள் தானாக மும்மூன்றாகக் கட்டிவிடும், கையால் மாற்றணும்.

குதும் என்பது இரட்டைச் செம்புக் குடம். பெரியது வலப்பக்கம், 'தூம்'. சிறியது இடப்பக்கம், 'தெக்'. தோலில் ஈரம் ஏறினால் தூம் சேறாகும். பெந்திர் இன்னும் மோசம். கச்சேரிக்கு முன் மிதமான சூடு காட்டுவார்கள். விளக்குக்கு மிக அருகே வைத்தால் தோல் கிழியும்.

#13 சுருதிப்பெட்டி

கானூனுக்கும் தோல் உண்டு. பாலம் நிற்பதே தோலின் மேல். ஈரத்தில் தோல் தளர்ந்து பாலம் அமுங்கும், வாத்தியம் முழுதும் இறங்கும். 26 சுரத்துக்கு மூன்று தந்தி வீதம் 78 தந்தி, சுருதி கூட்ட நேரம் எடுக்கும். இடைவேளையில் மேடையை அவருக்கு விடுங்கள்.

மந்தால் எனப்படும் சிறு நெம்புகள் அரைச்சுரத்தை ஆறாகப் பிரிக்கின்றன, ஒன்று 16.7 சென்ட். கோமாவோடு துல்லியமாக ஒட்டாது, ஆனால் ராஸ்ட்டின் 385 க்கு 383 கிடைக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை. எழுதுபவர் மறக்கும் விஷயம்: மந்தாலை ஸ்தாயிக்கு ஸ்தாயி தனித்தனியே திருப்ப வேண்டும். மூன்று ஸ்தாயியில் ஓடும் உருப்படியில் ஹிஜாஸிலிருந்து உஷ்ஷாக்குக்கு மாறினால் பல நெம்புகள். திருப்பும் இடது கை அந்த நேரம் வாசிக்காது. வலது கைக்கு மட்டும் எழுதுங்கள், அல்லது மாற்றத்தை ஒரே ஸ்தாயியில் தொடங்கி மெல்ல விரியுங்கள்.

#14 ஐம்பத்துமூணு

பின்வரிசையின் 'எங்கே கலக்கிறது' கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு. துருக்கியில் இது சாயிடம் தொடங்கியது அல்ல. 1934 இல் அரசே மரபு இசையை வானொலியிலிருந்து சில காலம் நிறுத்தி வைத்தது. கிராமப் பாட்டை எடுத்து மேற்கத்திய முறையில் வளர் என்பது அன்றைய கொள்கை. 1936 இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் அதனா பக்கம் பாட்டுச் சேகரிக்க வந்தபோது உடன் போனவர் துருக்கி இசையமைப்பாளர் அஹ்மத் அத்னான் சய்குன். யூனுஸ் எம்ரே ஒராட்டோரியோ அவருடையது, அங்காராவில் 1946. சய்குனின் மாணவர் இல்ஹான் பாரான். பாரானின் மாணவர் சாய். அந்தப் பரம்பரையில் மரபு வாத்தியத்தை நேரே மேடைக்குக் கொண்டுவருவது வழக்கமில்லை, அதன் சாரத்தை வயலினுக்கு மாற்றுவதுதான் வழக்கம். சாய் நெய்யையும் கானூனையும் உள்ளே உட்கார வைத்தது அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு திருப்பம். பன்னிரண்டு சுர ஆர்கெஸ்ட்ரா மட்டும் தாத்தா சொத்து.

2010 இல் இஸ்தான்புல்லும் ஜெர்மனியின் ரூர் வட்டாரமும் சேர்ந்தே ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரங்களாக இருந்தன. டார்ட்முண்ட் ரூரில் இருக்கிறது. சிம்ஃபொனியின் படகுப் பயணம், ஹைதர்பாஷா ரயில் நிலையம் எல்லாம் அந்த அரங்குக்காகத் தீட்டிய ஊர்ப்படம் என்றும் கேட்கலாம். எனக்கு அதில் மிகப் பிடித்தது ரயில் நிலையப் பகுதி. 'கீழைநாட்டு இரவு' கொஞ்சம் சுற்றுலாத்துறை.

#15 கட்டைவிரல்

கீழைநாட்டு இரவை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அது வேறு இழைக்கு.

இப்போது என் வரைவு: ஹிஜாஸில் தொடக்கம், மன்சூர் நெய், கீழே ஏ, ஈ மட்டும் மியூட்டோடு. ஏழாம் நிமிடம் 9/8, கானூன் முன்னால். நெய் கிஸ்ஸுக்கு மாறும். முடிவில் எல்லோரும் ஹிஜாஸில் ஒன்றாக. சுருதி 442. சரியா?

#16 நாணல்

மூன்று திருத்தம். குழல் மாறுவதை 9/8 தொடங்கும் இடத்தில் வைக்காதீர்கள், தாளம் நிலைபெற்று நாலைந்து சுற்று ஓடட்டும். கிஸ் எடுத்தால் கலைஞர் அதே விரலில் ஒரு முழுச்சுரம் மேலே இருப்பார், முடிவு ஹிஜாஸ் ஏ-யிலா பி-யிலா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பி என்றால் கானூன் மந்தால்கள் முழுதும் மாறும், சுருதிப்பெட்டி சொன்ன நேரத்தை அவருக்கும் ஒதுக்கணும். ஏ என்றால் மன்சூரை விட்டு மாறவே தேவையில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு குழல் போதும்.

முடிவில் எல்லோரும் ஒன்றாக என்றால் சி ஷார்ப்பில் வயலின்களுக்கு கீழ்நோக்கிய அம்புக்குறி போடுங்கள். அம்பு இல்லாவிட்டால் நெய் வயலினிடம் ஏறிவிடும், கூட்டம் பெரிது.

#17 பின்வரிசை_வயலின்

அம்பு போட்டால் மட்டும் போதாது. எத்தனை சென்ட் என்று யாருக்கும் கை தெரியாது. முதல் ஒத்திகையில் கானூனை அந்தச் சுரத்தைத் தனியாக அரை நிமிடம் ட்ரெமோலோ (விடாமல் வேகமாக மீட்டி) வாசிக்கச் சொல்லி, மேசை மேசையாக அதோடு துடிப்பு நிற்கும் வரை சேரவிடுங்கள். விரல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் அம்பைப் பார்த்தால் எங்கே போகணும் என்று தெரியும்.